ராஜா யாருடைய ஆள்?

1

எங்கள் சர்வமத வட்டத்துக்கு இந்த மாதத்தோடு மூன்று வயது. கேக் வெட்டலாமா, வெட்டினால் முட்டை போடாததா, மேலே பூசுகிற ஜெலட்டின் எந்த மிருகத்தினுடையது என்று வாட்ஸ்அப்பில் வாதம் கொதித்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கவுன்சிலிலிருந்து போன் வந்தது. இங்கிலாந்தின் வடகோடியில் நான் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் கவுன்சில் என்பது நம்மூர் நகராட்சி மாதிரி. குப்பை அள்ளுவதும் அவர்கள் வேலைதான், கேட்பாரில்லாமல் செத்தவர்களை அனுப்பிவைப்பதும் அவர்கள் வேலைதான்.

பேசியவள் தன் பெயர் லிண்டா என்றாள். "உங்கள் கூட்டத்துக்கு ராஜா என்று ஒருவர் வருவாரா?"

"வருவாரே. ஹீட்டர் பக்கத்தில் உட்காருவார். முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டுப் போவார்."

ராஜா போன வாரம் தன் அறையிலேயே மாரடைப்பில் இறந்துவிட்டாராம். உறவென்று யாரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் எங்கள் வட்டத்தின் அட்டவணை ஒட்டியிருந்திருக்கிறது. ஒவ்வொரு முதல் சனிக்கிழமையையும் சுற்றிச் சிவப்பு மையில் கோடு.

"அவர் என்ன மதம் என்று மட்டும் சொன்னால் போதும். படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது."

  பதற்றத்தில் எனக்கு ஆங்கிலம் கைவிட்டுப் போகும். முப்பது வருஷமாகியும் இதே கதைதான். "எரிக்கப் போகிறீர்களா, தோண்டப் போகிறீர்களா?" என்று ஊர்ப்பேச்சை அப்படியே ஆங்கிலமாக்கிக் கேட்டுவிட்டேன்.  லிண்டா பொறுமையாகச் சொன்னாள்: மதம் தெரியாவிட்டால் தகனம்தான் நடைமுறை, சாம்பலைத் தகனச்சாலைத் தோட்டத்தில் தூவிவிடுவார்கள், வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க முடியும்.

மதங்களைப் பற்றிப் பேசுவதற்கென்றே நடத்துகிற கூட்டத்துக்கு இரண்டு வருஷமாக வந்த மனிதர். அவர் என்ன மதம் என்று அமைப்பாளருக்குத் தெரியவில்லை. என் மகள் நிலா யூனிவர்சிட்டியிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். சோஃபாவில் படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள், "அம்மா, நான் செத்தா எந்தக் கட்டத்துல டிக் போடுவே?" என்றாள். அவள் காலேஜ் படிவங்களில் 'எதுவும் இல்லை' என்ற கட்டத்தில் டிக் போடுகிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

2

வட்டம் தொடங்கிய புதிதில் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. நான் இந்த ஊர் நூலகத்தில் வேலை பார்ப்பவள். மாடி அறைச் சாவி என் கையில் இருந்ததால் அமைப்பாளர் பதவி தானாக என் தலையில் விழுந்தது. முதல் கூட்டத்தை ரம்ஜான் மாதத்துப் பகலில் வைத்துவிட்டு, நோன்பிருந்தவர்களின் முகத்துக்கு நேரே சமோசாத் தட்டை நீட்டினேன். இரண்டாவது கூட்டத்தில் வாழ்த்துரை சொல்ல எழுந்த பாதிரியார் உட்காரவே இல்லை. மூன்றாவதில் எங்கள் கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "நீங்கள் என்ன மதம்? எப்போது மாறினீர்கள்?" என்று ஆரம்பிக்க, கைகலப்பாகாமல் தப்பித்ததே பெரிய காரியம்.

அதன்பிறகுதான் ஒரு விதி போட்டேன். யாரும் யாரையும் 'நீங்கள் எந்த மதம்' என்று கேட்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். இப்படி ஒரு விதி என் மூளையில் உதித்ததில் எனக்கு அத்தனை பெருமை. பலனும் இருந்தது. டயர் கடை வைத்திருக்கும் யூசுஃபும், ஓய்வுபெற்ற நர்ஸ் மார்கரெட்டும் அந்த விதியின் நிழலில்தான் நண்பர்களானார்கள். மார்கரெட்டின் முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாதம் அவளை சர்ச்சுக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்தது யூசுஃப்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை முதலில் யூசுஃபைக் கூப்பிட்டேன்.

"ராஜாவா? அவர் உங்கள் ஆள் என்றல்லவா நினைத்தேன். எப்போதும் உங்களுக்குப் பின்னால்தானே உட்காருவார்?"

மார்கரெட், "யூசுஃபின் ஆள் என்று நினைத்தேன். பன்றிக்கறி சாண்ட்விச்சை அவர் தொட்டதே இல்லையே" என்றாள்.

நானோ அவரை மார்கரெட்டின் ஆள் என்று நினைத்திருந்தேன். கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்கு அவர் உதடு அசைந்ததைப் பார்த்திருக்கிறேன். இலங்கைக் கிறிஸ்தவராகவோ, மொரீஷியஸ்காரராகவோ இருப்பார் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். எங்களோடு அவர் பேசியதெல்லாம் 'தேங்க் யூ' ஒன்றுதான். பக்கத்து நாற்காலியில் தன் கோட்டை விரித்துப் போட்டுவைப்பார். கூட்டம் நிரம்பி வழிந்தாலும் அதில் யாரையும் உட்கார விடமாட்டார்.

முகத்தைப் பார்த்தாலாவது ஏதாவது பிடிபடும் என்று வட்டத்தின் புகைப்படங்களையெல்லாம் திறந்தேன். மசூதிக்குப் போனது, குருத்வாராவில் சாப்பிட்டது, கோயில் பொங்கல். எல்லாவற்றிலும் நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். ராஜா ஒன்றில்கூட இல்லை. அத்தனை இடத்துக்கும் அவர் வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முதுகில் யாரோ ஐஸ் வைத்த மாதிரி ஆகிவிட்டது. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்த பிறகுதான் உறைத்தது: எல்லாப் படத்திலும் நாங்கள் ஒரே ஆளைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருக்கிறோம். படம் எடுத்தவர் அவர்.

3

இனி வருவது புரிய வேண்டுமென்றால், வருஷா வருஷம் ஆண்டுவிழாவில் நான் சொல்கிற கதையை உங்களுக்கும் சொல்லியாக வேண்டும்.

கோட்டைப்பட்டினத்திலிருந்து மேற்கே சைக்கிளில் போனால் அரை மணி நேரத்தில் வருகிற ஊர் எங்களுடையது. பெயர் வேண்டாம். நான் ஏழாவது படிக்கையில் அம்மன் கோயில் முளைப்பாரி பள்ளிவாசல் தெரு வழியாகப் போகலாமா கூடாதா என்று பெரிய தகராறு. போலீஸ் வண்டி வந்து நின்றது. தாலுகா ஆபீஸில் அமைதிப் பேச்சுவார்த்தை. இரண்டு பக்கமும் பத்துப் பத்துப் பேர். எங்கள் பக்கத்துக்கு முன்னால் நின்று பேசியவர் என் அப்பா. முடிவில், பள்ளிவாசல் முன்னால் மேளத்தை நிறுத்திவிடுவது, முளைப்பாரி தூக்கி வருகிற பெண்களுக்கு அவர்கள் நன்னாரி சர்பத் கொடுப்பது என்று பேசி முடித்தார்கள். அந்த வருஷம் நானும் தூக்கினேன். மேளம் நின்றதும் எங்கள் கொலுசுச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு தாடிக்காரப் பெரியவர் எனக்குக் குவளை நீட்டினார். இன்றுவரைக்கும் அந்த வழக்கம் நடக்கிறது.

இதை நான் சொல்லி முடிக்கும்போது மார்கரெட் கண்ணைத் துடைப்பாள். உள்ளூர்ப் பத்திரிகையில்கூடப் போட்டார்கள், ஜில்லா பெயரோடு. நாலே குவளை சர்பத்தில் உலகப் பிரச்சினை தீர்ந்த மாதிரி நானும் பூரித்துப்போய் நிற்பேன்.

4

புதன்கிழமை லிண்டா மறுபடி கூப்பிட்டாள். ராஜாவின் அறையில் நோட்டுகள் இருக்கின்றன, என்ன மொழி என்று தெரியவில்லை, வந்து பார்க்க முடியுமா என்றாள். அவர் இருந்தது பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில். அவ்வளவு தூரத்திலிருந்தா வந்துகொண்டிருந்தார் என்று போகிற வழியெல்லாம் எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

ஒற்றைக் கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். சுவரில் சாமி படமோ, சிலுவையோ, பிறை போட்ட காலண்டரோ எதுவும் இல்லை. மேஜையில் இரண்டு பள்ளிக்கூட நோட்டுகள். மேலே இருந்ததை லிண்டா விரித்துக் காட்டினாள்.

தமிழ். குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாத தமிழ்.

நோட்டை வாங்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். இரண்டு வருஷம் என் முதுகுக்குப் பின்னால் ஒரு தமிழர் உட்கார்ந்திருந்திருக்கிறார். டீ எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நோட்டில் எங்கள் கூட்டங்கள் இருந்தன. யூசுஃப் என்ன சொன்னார், மார்கரெட் எதற்குச் சிரித்தாள், எந்த பிஸ்கட் நமுத்திருந்தது, எல்லாம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் கீழே ஒரு கோடு போட்டு, 'ராணியிடம் சொன்னது' என்று ஒரு தலைப்பு.

'டயர் கடைக்காரர் நோன்பைப் பத்திச் சொன்னதைச் சொன்னேன். ராணி கேட்டுக்கிட்டா. அந்த மனுசன் நல்ல மனுசன்தான், கொஞ்சம் வாய் ஜாஸ்தி என்கிறாள்.'

"அவரோடு யாராவது இருந்தார்களா?" என்று லிண்டாவைக் கேட்டேன்.

"இல்லை. பல வருஷமாகத் தனியாகத்தான் இருந்திருக்கிறார்."

பக்கங்களைப் புரட்டினேன். போன வருஷ ஆண்டுவிழா வந்தது. என் முளைப்பாரிக் கதை, ஒரு வார்த்தை விடாமல். கீழே கோடு.

'சர்பத் கதையைச் சொன்னேன். நல்லாச் சொல்லுது அந்தப் பொண்ணு. நாம ஊரை விட்டுப் போனதைச் சொல்லலை. ராணி சொல்கிறாள், அவங்க அப்பா மாதிரியே கையை ஆட்டி ஆட்டிப் பேசுதாம். மொதக் கையெழுத்து அவர்தானாம். பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்காது, விட்டுருங்க என்கிறாள்.'

 அந்த வரியை மறுபடி படித்தேன். அப்பா இறந்து பல வருஷம் ஆயிற்று. அவர் கையை ஆட்டிப் பேசுவார் என்பது இந்த நாட்டில் ஒரு ஜீவனுக்கும் தெரியாது. எனக்கே மறந்துபோயிருந்தது. யார் என்றே தெரியாத ஒருத்தி, அதுவும் இந்த அறையில் இல்லாத ஒருத்தி, என்னைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

கடைசிப் பக்கம் போன மாதத்துக் கூட்டம். 'மூணு வருச விழாவுல எந்திரிச்சுச் சொல்லிடவான்னு கேட்டேன். வேணாம், அது கேக் வெட்டுற நாளு என்கிறாள். ரொம்ப நேரம் இருந்தேன். புல்லு ஈரம். கல்லறைத் தோட்டம் பூட்டுற நேரம்னு ஆள் வந்து கூப்பிட்டான்.'

அப்போதுதான் ராணி எங்கே இருக்கிறாள் என்று புரிந்தது.

லிண்டா உடனே போன் போட்டாள். கல்லறைப் பதிவேடு வேறு டிபார்ட்மெண்ட். அவர்களை யாரும் கேட்கவில்லை, அதனால் அவர்களும் சொல்லவில்லை. அரசாங்க ஆபீஸ் எந்த நாட்டிலும் ஒரே ஜாதிதான். பதிவேட்டில் இருந்தது: ராணி, கீழ்க்கோடி வரிசை, இருவருக்கான குழி. மதம் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு. ராஜா, ராணி. நம்ம பக்கத்தில் எந்த மதத்து வீட்டிலும் வைக்கிற பெயர்கள். தேடித்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. சிரித்த வேகத்திலேயே அழுதுவிட்டேன்.

ஆனால் குழியை மறுபடி திறக்க ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். சொந்தக்காரராக இருந்தால் நல்லது, மெயிலில் அனுப்பினாலும் போதும் என்றாள் லிண்டா. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வராவிட்டால் ராஜா தகனச்சாலைத் தோட்டத்துக்குப் போவார். ராணி கல்லறைத் தோட்டத்திலேயே இருப்பாள்.

5

அண்ணனைக் கூப்பிட்டேன். ஊரில் வயலைப் பார்த்துக்கொண்டிருக்கிறவன் அவன். எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏம்மா, அமுங்கிக் கெடந்த பேச்ச இப்ப ஏன் கெளர்ற?"

"அப்ப ஒனக்குத் தெரியும்."

"ஊருக்கே தெரியும். ஒனக்குத்தான் யாரும் சொல்லல. முளைப்பாரியெல்லாம் சாக்கு. அங்கிட்டு ஒண்ணு, இங்கிட்டு ஒண்ணு, ரெண்டும் ஓடிப்போச்சு. அதுலதான் தகராறே."

"தாலுகா ஆபீஸ்ல அதையா எழுதுனாங்க?"

"தாசில்தாருக்கு ஒரு பேப்பரு. அதுல மேளமும் சர்பத்தும். நமக்குள்ள ஒரு பேப்பரு. அதுல, அந்த ரெண்டு பேரும் இனிமே எங்காளு இல்லன்னு ரெண்டு பக்கமும் எழுதிக் குடுத்தாச்சு. தேட மாட்டோம், வந்தாச் சேக்க மாட்டோம், பேரச் சொல்ல மாட்டோம். அப்பதான் அடங்குச்சு."

"மொதக் கையெழுத்து அப்பாவா?"

"அப்பாதான். அடுத்தது பள்ளிவாசல் தலைவரு. அன்னைக்கு அது இல்லேன்னா வெட்டுக்குத்து ஆகிருக்கும், தெரியுமா ஒனக்கு? நீ பாட்டுக்கு அங்க ஒக்காந்துக்கிட்டு..."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் என்னை அதிகமாகச் சுட்டது. நான் குடித்த அந்த சர்பத் இரண்டு பேரைக் கைகழுவிய சந்தோஷத்துக்குக் கரைத்தது. அதை நான் மேடை மேடையாக எடுத்துக்கொண்டுபோய் ஊற்றியிருக்கிறேன், அதைக் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர் முகத்துக்கு எதிரிலேயே. எங்கள் வட்டமும்தான் வேறென்ன செய்தது? ஆளுக்காள் அடுத்தவர் பக்கம் கையைக் காட்டினோம். எழுதித்தரவில்லை, அவ்வளவுதான்.

ராஜா யார் வீட்டுப் பையன், ராணி யார் வீட்டுப் பெண் என்று அண்ணன் சொன்னான். இருவரும் வெவ்வேறு மதம் என்பதற்கு மேல் வட்டத்தில் யாரிடமும் நான் சொல்லவில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை. ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள் முதலில் அதைத்தான் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் ஒரு ஆயுள் முழுக்க யாருக்கும் சொல்லாமல் இருந்தது, அதை என் வாயிலிருந்து நீங்கள் தெரிந்துகொள்வதற்கல்ல.

"அந்த வீட்ல யாராச்சும் இருக்காங்களாண்ணே? ஒரு கையெழுத்துப் போதும்."

"இருக்காக. போட மாட்டாக. அப்பா எழுதுன பேப்பர நானே போயி மீறச் சொல்லவா? போன வையி."

வெள்ளிக்கிழமை காலையில் நானே கவுன்சிலுக்குப் போனேன். இறந்தவருக்கு உங்கள் உறவு என்ன என்று படிவத்தில் கேட்டிருந்தது. 'நண்பர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் டிக் போடக் கை வரவில்லை. ஒரு நாளாவது அவரிடம் ஊர் எது என்று கேட்டிருந்தால் போட்டிருப்பேன். 'மற்றவை' என்பதற்குப் பக்கத்தில் 'ஒரே ஊர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். லிண்டா அதைப் படித்துவிட்டு முத்திரை குத்தினாள்.

6

அடக்கத்துக்கு முன்னால் எங்களுக்குள் ஒரு பேச்சுவார்த்தை நடந்தது. மூன்று வருஷத்தில் நடந்த உருப்படியான சமய உரையாடல் அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

"யாராக இருந்தால் என்ன, குளிப்பாட்டாமல் அனுப்பக் கூடாது" என்றார் யூசுஃப். மசூதி இமாமிடம் கேட்டுப் பார்த்தார். அவர் தயங்கினார். முஸ்லிம் என்று உறுதியாகத் தெரியாமல் சடங்கு செய்வதற்கில்லை என்றார். அது அவருடைய நியாயம். "சடங்கு வேண்டாம், நான் குளியல் மட்டும் செய்கிறேன்" என்று சொல்லிவிட்டு யூசுஃப் கடையைப் பூட்டிக்கொண்டு வந்தார். எப்படிப் பிடித்துத் திருப்ப வேண்டும் என்று மார்கரெட் வாசலிலேயே அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரைத் துடைத்து அனுப்பியவள். நான் என் வீட்டுக்காரரின் புது வேட்டி ஒன்றைக் கொண்டுபோனேன். பெண்கள் உள்ளே வர வேண்டாம் என்று யூசுஃப் சொல்லிவிட்டதால் வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கல்லறைத் தோட்டத்தில் நாங்கள் ஏழு பேர். நிலாவும் வந்தாள், கூப்பிடாமலே. யாரும் பிரார்த்தனை சொல்லவில்லை. எதைச் சொன்னாலும் ஒருவரை மட்டும் சேர்ந்ததாகிவிடும் என்று முன்பே பேசியிருந்தோம். ராணியின் பக்கத்தில் புல் ஓர் ஆள் உட்கார்ந்த அகலத்துக்குத் தேய்ந்து கிடந்தது. அங்கே காலை வைக்க யாருக்கும் மனசு வரவில்லை. மண் தள்ளுகிறவர்கள்கூட, யாரும் சொல்லாமலே, அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஆண்டுவிழா நடக்கவில்லை. கேக்கைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

நாலு நாள் கழித்து, நூலகத்தில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இந்திய நம்பர், தெரியாதது. வராந்தாவுக்கு வந்து எடுத்தேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. வணக்கமும் இல்லை, சலாமும் இல்லை.

"ஆரு பேசுறீங்க?" என்றேன்.

 வைத்துவிடலாம் என்று நினைக்கும்போது ஒரு வயசான பெண் குரல், வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு பேசுகிற மாதிரி, அடியிலிருந்து வந்தது.

"தம்பிய குளிப்பாட்டுனீகளா?"

அண்ணன்தான் நம்பர் கொடுத்திருக்க வேண்டும். வேறு யாருக்கும் தெரியாது.

"குளிப்பாட்டுனோங்க" என்றேன்.

"வெந்நியிலயா?"

"ஆமாங்க. வெந்நியிலதான்."

"பச்சத்தண்ணி அவனுக்கு ஆவாது. சின்னப் புள்ளையிலருந்தே. மேல பட்டா இழுப்பு வந்துரும்."  பின்னால் எங்கேயோ ஒரு கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "சரி, வக்கிறேன்" என்றது குரல். லைன் அறுந்தது.

நான் பார்க்காததைச் சொல்லிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. யூசுஃபைக் கூப்பிட்டேன். பின்னால் டயர் கடை இரைந்துகொண்டிருந்தது.

"அன்றைக்குத் தண்ணீர் சூடாக இருந்ததா?" என்று கத்திக் கேட்டேன்.

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார். "இருந்தது. முழங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றினேன், குழந்தைக்குப் பார்ப்போமே, அப்படி."